வான்வழியும் விருந்தினர் வரவும்

கல்முனை நகரிலே இருள் சூழும் வேளையில் கொழும்புக்குப் புறப்படும் பஸ் வண்டிகளைப் பார்த்திருப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. கட்டாருக்கோ சவூதி அரேபியாவுக்கோ தொழில் நாடிச் செல்லும் வாலிபன் ஒருவன் யன்னலோரத்தில் அமர்ந்திருப்பான். அவனை வழியனுப்ப வந்த உம்மா கண்ணீரை முந்தானையால் ஒற்றிக்கொள்வாள்; வாப்பா வண்டி புறப்படும் வரை ஒன்றும் பேசாது நிற்பார். அதே வண்டியில் உம்ராக் கடமையை நிறைவேற்றப் போகும் முதியோர் சிலரும் இருத்தல் கூடும். அந்த இரவிலேயே, எதிர்த் திசையில், கூரைமேல் நீண்ட சறுக்குப் பலகைகளைக் கட்டிய வேன் வண்டியொன்று கட்டுநாயக்காவிலிருந்து பொத்துவிலை நோக்கி விரைந்துகொண்டிருக்கும். அதனுள்ளே ஐரோப்பிய நாடொன்றிலிருந்து வந்த இளைஞர் நால்வர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருப்பர்.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. எனினும் இவர்களிடையே ஓர் உறவு உண்டு. டோஹாவிலிருந்தோ துபாயிலிருந்தோ அந்த ஐரோப்பிய இளைஞரை இலங்கைக்குக் கொண்டுவந்து இறக்கிய அதே விமானந்தான், சில மணி நேரத்தில், கல்முனை வாலிபனை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றது. ஒருவன் இறங்கிய ஆசனத்தில் மற்றவன் அமர்கின்றான். ஒருவன் உல்லாசத்துக்காக வந்தவன். மற்றவன் உழைப்புக்காகப் போகின்றவன். வான்வழிப் போக்குவரத்தும் உல்லாசப் பயணத்துறையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் விதத்தை அறிய விரும்புவோர் இந்த ஆசனத்திலிருந்தே ஆராயத் தொடங்கலாம்.

வாகனத்தை விருந்தாளி நம்பியிருப்பது இன்று நேற்று ஏற்பட்டதன்று. மொறோக்கோ தேசத்து யாத்திரிகர் இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபோது, அவரைக் கொணர்ந்தது அக்காலக் கடல் வாணிபத்தின் வழியே சென்ற ஒரு மரக்கலம். புத்தளத்துக் கரையில் இறங்கிய அவர் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்து, பாவாதமலைக்குச் சென்று மீண்டார். சரக்குக்காக ஓடிய கலம் யாத்திரிகரையும் சுமந்தது. பிற்காலத்தில் நீராவிக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் தரித்தபோது, கீழைத்தேயங்களுக்குச் செல்லும் வழியிலே சில மணி நேரம் கரையிறங்கியவர்களே இந்நாட்டின் உல்லாசப் பயணிகளாயினர். அவர்களைக் கவனிப்பதற்கென 1937ஆம் ஆண்டில் அரசினரின் உல்லாசப் பயணப் பணிமனையொன்று நிறுவப்பட்டது. கப்பல் நிற்கும் நேரமே விருந்து நீடிக்கும் நேரம். கண்டிக்குப் போய்வர அவகாசம் இருந்திருக்கலாம். கிழக்குக் கரைக்கு வர ஒருவருக்கும் அவகாசம் இருந்ததில்லை.

வானூர்தி இந்த நிலையை மாற்றியது. 1938ஆம் ஆண்டில் டாட்டா கம்பனியின் தபால் விமானச் சேவை சென்னை வழியாக இரத்மலானை வரை நீட்டப்பட்டது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அஃது ஒரு டக்ளஸ் டீ.சீ. 3 வகை விமானம். போர்க்காலத்தில் படையினரைச் சுமந்த அவ்வகை விமானங்கள் போர் முடிந்ததும் குடிமக்களைச் சுமக்க வந்தன. அதே வகை விமானமொன்றை வாடகைக்கு எடுத்து, 1950ஆம் ஆண்டில், விளாடிமிர் ராய்ட்ஸ் என்பவர் இலண்டனிலிருந்து கோர்சிகாத் தீவுக்கு விடுமுறைக்காரரை அழைத்துச் சென்றார். விமானக் கட்டணம், கூடாரத்தில் தங்கும் வசதி, உணவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. சாதாரண வருமானமுடைய ஆசிரியரும் எழுதுவினைஞரும் கூட வானில் பறந்து கடற்கரைக்குச் செல்ல அந்த ஏற்பாடு வழிகோலியது. உல்லாசப் பயணம் செல்வந்தரின் தனியுரிமை என்னும் நிலை அன்றே தளரத் தொடங்கியது.

1958இல் போயிங் 707 வகைத் தாரை விமானமும், 1970இல் அதனினும் பெரிய 747 வகை விமானமும் சேவைக்கு வந்தன. ஒரே தடவையில் முந்நூறு, நானூறு பேரை ஏற்றும் விமானம் பறக்க வேண்டுமாயின், அத்தனை பேருக்கும் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தை உல்லாசப் பயணத்துறை வழங்கிற்று. இலங்கையிலும் இவ்விரண்டும் கைகோத்தே வளர்ந்தன. 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைந்தது. அதே காலத்தில் கனடாவின் உதவியோடு கட்டுநாயக்கா விமான நிலையம் சர்வதேச விமானங்களை ஏற்கத் தக்கதாக விரிவாக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 18,969 பேர் மட்டுமே. 1979ஆம் ஆண்டில் எயார் லங்கா தன் சேவையைத் தொடங்கியது. 1982இல் பயணிகளின் தொகை 4 இலட்சத்து 7 ஆயிரமாக உயர்ந்தது. விமான நிலையமும் விமானச் சேவையும் இல்லாதிருந்தால் ஹோட்டல்கள் எழுந்திரா. ஹோட்டல்கள் எழாதிருந்தால் விமானங்கள் வந்திரா.

இச்சார்பின் உள்ளியல்பு யாது? கல்முனைச் சந்தையில் மீன் விற்பவருக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. காலையில் கரைவலையில் வந்த மீன் மாலைக்குள் விலைபோக வேண்டும். போகாவிடின் மறுநாள் அதற்கு விலை இல்லை. விமானத்தின் ஆசனமும் அத்தகையது. இன்று வெறுமையாகப் பறந்த ஆசனத்தை நாளைக்கு எடுத்துவைத்து விற்க இயலாது. ஆசனம் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் எரிபொருள், விமானியின் சம்பளம், தரையிறங்கும் கட்டணம் ஆகியவை பெரிதும் குறைவதில்லை. ஹோட்டல் அறையும் அப்படியே. ஓர் இரவு பூட்டிக்கிடந்த அறையின் வாடகையை மறு இரவு வசூலிக்க முடியாது. கெட்டுப்போகும் இரு பண்டங்களை விற்கும் இரு வணிகர்கள் ஒருவர் மற்றவரின் வாடிக்கையாளரை நம்பி வாழ்வதே வான்போக்குவரத்துக்கும் உல்லாசப் பயணத்துக்கும் உள்ள தொடர்பு.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. விமானம் ஒரு திசையில் மட்டும் நிறைந்தால் போதாது. போகும்போதும் வரும்போதும் நிறைய வேண்டும். வருவோர் தொகையும் போவோர் தொகையும் சேர்ந்தே ஒரு வான்பாதையை நிலைநிறுத்துகின்றன. வளைகுடா நாடுகளின் விமானக் கம்பனிகள் நாள்தோறும் கொழும்புக்கு வந்து போவதற்கு ஐரோப்பிய உல்லாசப் பயணிகள் மாத்திரம் காரணரல்லர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, சம்மாந்துறை முதலிய ஊர்களிலிருந்தும், நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்தும் தொழிலுக்குச் செல்லும் இலட்சக்கணக்கானோரும், மக்கா மதீனா யாத்திரிகரும் அவ்விமானங்களை நிறைக்கின்றனர். 2024ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக் கடமைக்கு மட்டும் இலங்கையர் 3,500 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. முன்னோர் கடல்வழியே மாதக்கணக்கில் மேற்கொண்ட அப்பயணம் இன்று சில மணி நேரத்தில் முடிகின்றது.

கணக்கும் இதையே காட்டுகின்றது. 2024ஆம் ஆண்டில் உல்லாசப் பயணத்தினால் இலங்கை ஈட்டிய வருவாய் சுமார் 317 கோடி அமெரிக்க டொலர். வெளிநாடுகளில் உழைப்போர் அதே ஆண்டில் அனுப்பிய பணம் சுமார் 657 கோடி டொலர். அதாவது இருமடங்குக்கும் மேல். இவ்விரு வருவாயும் பெரும்பாலும் ஒரே விமானங்களின் சிறகுகளில் தங்கியிருக்கின்றன. ஆகவே, உல்லாசப் பயணத்தினால் தமக்கு யாது பயன் என்று வினவும் கரையோரக் குடும்பம், தன் மகன் பணம் அனுப்பும் பாதையைத் தாங்கிநிற்பவர்களுள் அந்த வெள்ளைக்கார இளைஞனும் ஒருவன் என்பதை நினைத்துப் பார்த்தல் தகும். அவ்வாறே, அறுகம்குடாவில் விடுதி நடத்துபவர் தம் விருந்தாளியின் விமானக் கட்டணம் மலிவாயிருப்பதற்கு அடுத்த ஊர் வாலிபனின் பிரிவுத் துயரும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது.

இனி, இக்கரையின் தனிச்சிறப்பைக் கருதுவோம். இலங்கைத் தீவில் இரு பருவக்காற்றுகள் மாறி மாறி வீசுகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் மழையைப் பொழிந்து கடலைக் கொந்தளிக்கச் செய்கின்றது. அப்போது பொத்துவில் முதல் திருகோணமலை வரை கிழக்குக் கரை வெயிலோடு விளங்குகின்றது. நவம்பருக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகின்றது. இதன் பயன் யாதெனில், மேற்குக் கரை ஹோட்டல்கள் வெறுமையாகும் மாதங்களில் கிழக்குக் கரை விருந்தினரை ஏற்கத் தயாராக இருக்கின்றது. ஐரோப்பாவின் பாடசாலை விடுமுறை ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருவது மற்றொரு பொருத்தம். ஆண்டின் ஒரு பாதியில் மாத்திரம் நிறைந்த விமானத்தை மறு பாதியிலும் நிறைக்க வல்லது கிழக்குக் கரை. இக்கரையின் வெயில் இலங்கைக்கு வரும் விமானங்களுக்கே ஒரு காப்புறுதி.

அறுகம்பை என்றும் வழங்கும் அறுகம்குடா இந்த வாய்ப்பை முதலில் பயன்படுத்திக்கொண்டது. பொத்துவிலுக்குத் தெற்கே பிறைவடிவாக வளைந்து கிடக்கும் அக்குடாவில், முனையைச் சுற்றி ஒழுங்காக உருண்டுவரும் அலைகளை நாடி அலைச்சறுக்கு விளையாட்டினர் பல தசாப்தங்களாக வந்துகொண்டிருக்கின்றனர். அருகிலே லகுகலையில் யானைகள். தெற்கே குமணவில் பறவைகள். இடையே உகந்தை முருகன் ஆலயம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் பக்தர் கூட்டம் ஆண்டுதோறும் இவ்வழியேதான் செல்கின்றது. வடக்கே காரைதீவில் விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டில் பிறந்தார்கள். அதற்கும் வடக்கே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்று விழா நடைபெறுகின்றது. விமானம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது யாத்திரிகரின் கரையாக இருந்துவந்தது. முஸாபிருக்கு உணவும் நிழலும் கொடுக்கும் வழக்கம் இங்கே புதிதன்று.

ஆயினும் விருந்தினர் இக்கரையை அடைவது எளிதாக இல்லை. இலண்டனிலிருந்து கொழும்பு வரையுள்ள ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர் தூரத்தை நேரடி விமானம் பதினொரு மணி நேரமளவில் கடந்துவிடுகின்றது. கட்டுநாயக்காவிலிருந்து பொத்துவில் வரையுள்ள முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்துக்கோ ஏழு எட்டு மணி நேரம் வேண்டும். இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு வரை செல்லும் ஏ 4 நெடுஞ்சாலையே இக்கரையைத் தலைநகரோடு இணைக்கும் முக்கிய வீதி. புகையிரதப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது, கல்முனைக்கு வருவதில்லை.

ஒரு காலத்தில் இக்குறைக்கு மாற்று இருந்தது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தபோது, அம்பாறைக்கு அருகில் விமானத் தளமொன்றும் அமைந்தது. எயார் சிலோன் நிறுவனம் உள்நாட்டுச் சேவையாகக் கல்லோயாவுக்கும் மட்டக்களப்புக்கும் விமானங்களை அனுப்பியது. கல்முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய அம்பாறைத் தளம் பின்னர் விமானப்படையின் கைக்குச் சென்றது. மட்டக்களப்புத் தளமும் போர்க்காலம் முழுவதும் விமானப்படையிடமே இருந்து, 2018ஆம் ஆண்டு மார்ச்சில் குடிமக்களின் உபயோகத்துக்காக மீண்டும் திறக்கப்பட்டது.

அவ்வாறாயின், அம்பாறைக் கரைக்கு ஒரு பெரிய விமான நிலையம் கட்டினால் எல்லாம் நலமாகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை கூறுமுன் மத்தளையை நோக்குதல் வேண்டும். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 20 கோடி 90 இலட்சம் டொலர் செலவில், பெரும்பாலும் சீனாவின் கடனால் கட்டப்பட்ட மத்தளை விமான நிலையம் 2013ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளை ஏற்கும் வசதி அதற்கு உண்டு. ஆனால் அங்கு இறங்கி அங்கிருந்தே ஏறுவதற்குப் போதிய பயணிகள் இருந்ததில்லை. 2015இல் ஸ்ரீலங்கன் விமானச் சேவை அங்கிருந்து விலகியது. 2018இல் பிளைதுபாய் நிறுவனமும் விலகியது. கட்டிடம் நின்றது, கடனும் நின்றது, விமானம் நிற்கவில்லை. மத்தளைக்கு விமான நிலையம் கிடைத்தது, விருந்தினர் கிடைக்கவில்லை. அறுகம்குடாவுக்கோ விருந்தினர் கிடைத்தனர், விமான நிலையம் கிடைக்கவில்லை. இரண்டினுள் எது மேலான நிலை என்று கேட்டால், விருந்தினரைப் பெற்ற ஊரே பேறு பெற்றது. வழி பின்னர் வரலாம்; வருவதற்குரிய காரணம் முன்னரே இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் வடக்கில் இருக்கின்றது. பலாலி விமான நிலையம் 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சேர்ந்துகொண்டது. அங்கே பறப்பவை சிறிய விமானங்கள். ஆனால் உறவினரைக் காணவும், வைத்தியத்துக்கும், வாணிபத்துக்கும், ஆலய தரிசனத்துக்கும் போவோரும் வருவோரும் இரு கரையிலும் இருக்கின்றனர். இருபுறத்து மக்களும் நிறைக்கும் பாதையே நிலைக்கின்றது.

கரையோரத்தார் கருத்தில் இருத்தவேண்டிய மற்றொரு பாடம் ஒலுவிலில் இருக்கின்றது. டென்மார்க்கின் கடனுதவியோடு அமைந்த ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் வாயிலில் மணல் சேர்ந்து படகுகளைத் தடுத்தது, அயலிலுள்ள கரையைக் கடல் அரித்தது, தென்னந்தோட்டங்கள் சரிந்தன. அலையின் ஓட்டத்தையும் மணலின் ஓட்டத்தையும் அறியாது கட்டப்படும் எதுவும் இக்கரையில் நிலைப்பது அரிது. விமான நிலையத்துக்கும் இவ்விதி பொருந்தும், ஹோட்டலுக்கும் பொருந்தும். அலையை நம்பி வந்த விருந்தாளிக்காக அலையின் வழியையே கெடுத்துவிட்டால், பின்னர் விமானம் யாரைச் சுமந்து வரும்?

வான்வழியையும் விருந்தினரையும் நம்பி வாழ்வதில் ஓர் அபாயமும் உண்டு. அதனை இக்கரை மக்களைவிடக் கசப்பாக அறிந்தவர் இலர். 1982இல் 4 இலட்சத்தைத் தாண்டிய பயணிகளின் தொகை, இனக்கலவரமும் போரும் மூண்டபின், 1987இல் 1 இலட்சத்து 82 ஆயிரமாகச் சுருங்கியது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீதிகள் வீடுகளோடு அழிந்தன. அறுகம்குடாவில் விடுதிகள் தரைமட்டமாயின.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர் வேறொரு துன்பம் சூழ்ந்தது. அம்மாதம் 26ஆம் நாள் சாய்ந்தமருதிலும் வெடியோசை கேட்டது. அக்கொடுமையோடு எத்தொடர்பும் இல்லாத ஆயிரமாயிரம் குடும்பங்கள், அணிந்த உடையாலும் தாங்கிய பெயராலும் ஐயப்பார்வைக்கு ஆளாயின. 2018 மே மாதத்தில் 1 இலட்சத்து 29 ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்த நாட்டுக்கு, 2019 மே மாதத்தில் 38 ஆயிரம் பேர் கூட வரவில்லை. அறுகம்குடாவின் பருவகாலம் தொடங்கும் மாதம் அது. முச்சக்கர வண்டிக்காரர் சாலையோரத்தில் காத்திருந்தனர். மீனுக்கும் தயிருக்கும் கேள்வி குறைந்தது. எனினும் அதே ஆண்டு செப்டெம்பரில் அங்கே சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியொன்று நடைபெற்றது. பிற நாட்டு வீரர் வந்தனர். அச்சம் மெல்ல விலகியது. அலைமீது ஏறிநின்ற அவ்விளைஞர் நாட்டின் நற்பெயருக்காகச் செய்த சேவை எந்த விளம்பரத்துக்கும் குறைந்ததன்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றினால் விமான நிலையங்கள் மூடப்பட்டன. 2021 ஜனவரியிலேதான் உல்லாசப் பயணிகளுக்கு மீண்டும் திறந்தன. 2021இல் வந்தோர் 1 இலட்சத்து 95 ஆயிரத்துக்கும் குறைவு. 2022இல் பொருளாதார நெருக்கடி தோன்றியபோது, கொழும்பில் விமான எரிபொருள் போதாமையால் நீண்ட தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எரிபொருள் நிரப்பின. பொத்துவில் மீனவரின் படகுக்கு எண்ணெய் இல்லை. அவர் மீனை உண்ண வரவேண்டிய விருந்தாளியின் விமானத்துக்கும் எண்ணெய் இல்லை. 2024 ஒக்டோபரில், அறுகம்குடாவுக்குச் செல்லவேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை எச்சரித்த ஒரே அறிவித்தல், பருவத்தின் இறுதி நாட்களில் அவ்வூரை வெறிச்சோடச் செய்யப் போதுமானதாயிற்று. ஆயினும் அவ்வாண்டில் நாட்டுக்கு வந்தோர் 20 இலட்சத்து 53 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். வீழ்ந்ததும் எழுந்ததும் ஒரே பாதையிலேதான்.

இவற்றிலிருந்து பெறத்தக்க அறிவு யாது? முதலாவது, விருந்தினரை மட்டும் நம்பி வயலையும் வலையையும் தறியையும் கைவிடலாகாது. அறுகம்குடாவின் பருவகாலம் ஏறக்குறைய ஆறு மாதம். எஞ்சிய காலத்தில் வாழ்வளிப்பவை நெல்வயலும் கடலுமே. உல்லாசப் பயணம் அவற்றுக்குத் துணையாக வரும்போது நன்மை. அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது அபாயம்.

இரண்டாவது, விருந்தாளி செலவிடும் பணத்தில் எவ்வளவு ஊரிலே தங்குகின்றது என்பதே கேள்வி. அவர் விமானக் கட்டணமாகக் கொடுத்த பணம் விமானக் கம்பனிக்கும் எரிபொருள் வணிகருக்கும் சென்றுவிடுகின்றது. பிற நாட்டிலிருந்து தருவித்த உணவை உண்டு, பிற நாட்டுப் போர்வையில் உறங்கிப் போனாராயின், ஊருக்கு மிஞ்சுவது சொற்பம். அவருடைய உணவில் சம்மாந்துறை அரிசியும் நிந்தவூர்த் தயிரும் இருந்தால், அவர் வாங்கிச் செல்லும் பொருளில் மருதமுனை நெசவாளர் நெய்த சாரம் ஒன்று இருந்தால், அப்போது அந்த விமானம் கல்முனைக் கரைக்காகவும் பறந்ததாகும். பொத்துவிலிலிருந்து கல்முனை வரையுள்ள எழுபது கிலோமீற்றர் அளவான தூரத்தை விருந்தினர் கடப்பதற்குக் காரணங்களை உண்டாக்குவதே இவ்வூர்களின் அடுத்த பணி. தறிச்சாலையைக் காணவும், கரைவலை இழுப்பதைப் பார்க்கவும், ஒரு வீட்டுச் சாப்பாட்டை உண்ணவும் அவர்கள் வருவர். அழைப்பதற்கு ஆள் வேண்டும், அழைக்கும் மொழி வேண்டும்.

மூன்றாவது, மரியாதை இருபுறமும் இருக்க வேண்டும். இவை ஐவேளைத் தொழுகையின் ஒழுங்கில் இயங்கும் ஊர்கள். 2018இல் நோன்பு மாதம் மே, ஜூன் மாதங்களில் வந்தது. அஃது அறுகம்குடாவின் பருவத்தோடு கலந்தது. சந்திரக் கணக்கில் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னே நகரும் அம்மாதம் இப்போது பெப்ரவரி, மார்ச்சுக்குச் சென்றுவிட்டது. எனவே பருவமும் நோன்பும் மோதாத நீண்ட இடைவெளியொன்று இப்போது வாய்த்திருக்கின்றது. உடை, நடத்தை, அமைதி ஆகியவை பற்றி ஊரவர் விரும்புவது யாது என்பதை விருந்தினர் விமானம் ஏறுமுன்பே அறிந்துகொள்ளச் செய்தால், இறங்கியபின் எழும் மனக்கசப்புகளிற் பல எழாமலே போகும். விருந்தோம்பல் என்பது வீட்டுக்காரர் தம் வீட்டின் ஒழுங்கை மறப்பதன்று. அதனை அன்போடு எடுத்துக்கூறுவதும் விருந்தோம்பலே.

வழி பற்றியும் ஒரு சொல். பெரிய விமான நிலையத்துக்காகக் காத்திருப்பதைவிட, ஏற்கெனவே உள்ள மட்டக்களப்புத் தளத்தையும் அம்பாறைத் தளத்தையும் சிறிய விமானங்களுக்குப் பருவகாலத்தில் முறையாகப் பயன்படுத்துவது செலவு குறைந்தது. அவ்விமானங்கள் விருந்தினரை மாத்திரம் அன்றி, கொழும்புக்கு அவசர வைத்தியத்துக்குச் செல்லும் நோயாளியையும், கட்டுநாயக்காவில் விமானம் பிடிக்கச் செல்லும் தொழிலாளியையும், யாத்திரைக்குப் போகும் முதியோரையும் ஏற்றத்தக்க கட்டணத்தில் இயங்கினாலன்றி நிலைத்து நில்லா. ஊரவர் ஏறாத விமானம் ஊருக்கு வராது. வந்தாலும் நெடுநாள் தங்காது.

நள்ளிரவு கடந்து, கல்முனை பஸ் வண்டி கட்டுநாயக்காவை அணுகுகின்றது. விமானம் வந்திறங்குகின்றது. சறுக்குப் பலகையைத் தேடி ஒருவன் வெளிவாயிலுக்கு வருகின்றான். கடவுச்சீட்டைக் கையில் பற்றி மற்றொருவன் உள்வாயிலுக்குப் போகின்றான். முதலாமவன் சில வாரத்தில் திரும்புவான். இரண்டாமவன் திரும்ப ஈராண்டு செல்லலாம். அவன் திரும்பி வரும் நாளில், தன் ஊர்க் கடற்கரையிலேயே தொழில் ஒன்று தனக்காகக் காத்திருப்பதைக் கண்டானாயின், அந்த ஆசனம் இருவரையும் சுமந்ததன் பயன் நிறைவேறியதாகும்.